நடுவீட்டுச் சுவர்

அக்டோபர் 17, செவ்வாய்

முதல் கையெழுத்து இன்று. தினமும் காலை பத்தரை மணிக்கு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மறு உத்தரவு வரும்வரை. ஞாயிற்றுக்கிழமைக்கும் விலக்கு இல்லை. பாஸ்போர்ட் கோர்ட்டில் இருக்கிறது. புதுச்சேரி எல்லையைத் தாண்டக் கூடாது.

ரைட்டர் நோட்டைத் திருப்பி வைத்தார். "சிங்கப்பூரா சார்? அங்க தெருவுல எச்சி துப்புனா ஃபைன் போடுவாங்களாமே?" ஆமாம் என்றேன். கையெழுத்துக்குப் பதினைந்து விநாடி ஆயிற்று. அதற்கப்புறம் நாள் முழுக்கக் காலியாகக் கிடந்தது.

வக்கீல் ஆதிமூலம்தான் இந்த நோட்டை வாங்கச் சொன்னார். "வீட்டைப் பத்தி, உங்க அத்தையைப் பத்தி என்னென்ன ஞாபகம் வருதோ தேதி போட்டு எழுதி வைங்க. கேஸுக்கு ஆகும்." சரி, எழுதுகிறேன்.

நான் சூசைநாதன். ஐம்பத்தாறு வயது. சிங்கப்பூரில் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். பிறந்தது இந்த ஊரில்தான். இருபத்தைந்து வயதில் கிளம்பிப் போனவன், அப்பாவின் அடக்கத்துக்கு ஒரே ஒரு தடவை வந்தேன்.

சம்பா கோவில் என்கிற மாதா கோவிலுக்கு இரண்டு தெரு தள்ளித் தாத்தா கட்டிய வீடு. முன்கட்டு அப்பாவுக்கு, பின்கட்டு தெரேஸ் அத்தைக்கு என்று தாத்தா எழுதி வைத்துவிட்டுப் போனார். 1986-இல் அத்தை தன் பாகத்தை அப்பாவுக்கு விட்டுக்கொடுத்ததாகப் பத்திரம் இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு முழு வீடும் என் பெயருக்கு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஹோட்டல் கம்பெனி கேட்டது. பழைய வீட்டைப் பழையபடியே புதுப்பிக்கிறோம் என்றார்கள். ஒப்பந்தம் போட்டோம், வேலையும் ஆரம்பித்துவிட்டார்கள். பத்திரப் பதிவுக்காக நாலு நாள் லீவில் வந்தேன். பதிவு அலுவலக வாசலில் போலீஸ் நின்றது.

புகார் கொடுத்தவள் லெயோனி, அத்தையின் ஒரே மகள். பத்திரத்தில் இருப்பது அம்மாவின் ரேகையே இல்லை, வேறொரு பெண்ணை நிறுத்திப் போலிப் பத்திரம் செய்திருக்கிறார்கள் என்கிறாள். அத்தை இப்போது உயிரோடு இல்லை, கான்வென்ட் டீச்சராக இருந்தவர். அழகாகக் கையெழுத்துப் போடுகிறவர் எதற்குக் கைநாட்டு வைக்கப் போகிறார் என்பது அவள் கேள்வி. எனக்கு மூன்று நாள் சிறை. நேற்றுத்தான் ஜாமீன்.

சாட்சிக் கையெழுத்து உங்களுடையதா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். முப்பத்தேழு வருஷம் ஆகிவிட்டது. எனக்கு எப்படித் தெரியும்?

நவம்பர் 25-ஆம் தேதி மகள் ஜெனிட்டாவுக்குக் கல்யாணம். இன்னும் முப்பத்தொன்பது நாள்.

அக்டோபர் 18, புதன்

கையெழுத்து. மழை. லாட்ஜ் அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுக் குழாய்கள். மூடிவிட்டேன்.

அக்டோபர் 20, வெள்ளி

மனைவி பிலோமினா சிங்கப்பூரிலிருந்து போனில் அழுதாள். சம்பந்தி வீட்டில் என்ன சொல்லியிருக்கிறாய் என்று கேட்டேன். "சொத்து விஷயம், கொஞ்சம் இழுக்குதுன்னு சொல்லிருக்கேன். ஜெயிலுன்னு எப்படிங்க சொல்றது?" ஜெனிட்டா போனை வாங்கி, "அப்பா, கோட் தைக்க அளவு எடுக்கணும், எப்ப வர்றீங்க?" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்று குரலிலேயே தெரிந்தது. தெரியாத மாதிரிப் பேசினோம், இரண்டு பேரும்.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் நாங்கள் ஸ்பீக்கரில் சொல்வது இது: கதவைத் தள்ளாதீர்கள், கத்தாதீர்கள், காற்று வருகிறது, ஆள் வந்துகொண்டிருக்கிறது. முப்பது வருஷமாகச் சொல்லியிருக்கிறேன். உள்ளே இருப்பவர்களுக்கு அது எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்.

வெளுக்கப் போட்ட சட்டைகள் வந்துவிட்டன. ஒன்றில் பொத்தான் இல்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

கையெழுத்து முடித்துத் திரும்பும்போது மிஷன் வீதியில் ஒரு பத்துப் பேர் தலையைத் தூக்கி ஒரு மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டும் நடை. யார் வேண்டுமானாலும் சேரலாமாம். எனக்குப் போக வேறு இடம் இல்லை, சேர்ந்துகொண்டேன்.

கூட்டிப் போனவள் ஜெசீமா என்ற பொறியாளர். காரைக்கால்காரி, முப்பத்தைந்து இருக்கும். தொண்டை கட்டியிருந்தும் விடாமல் பேசினாள். "கீழ பாருங்க, மரத்தூண், தாழ்வாரம், தமிழ் வீடு. அப்படியே மேல பாருங்க. வளைஞ்ச ஜன்னல், சுவரோட ஒட்டின தூணு, பூ வேலை. அது பிரெஞ்சு. கீழ இருந்து ஏறிப் போறதுக்குள்ள நாடு மாறிடுது." எல்லோரும் சிரித்தார்கள். நான் இருபத்தைந்து வருஷம் இந்தத் தெருவில் நடந்திருக்கிறேன். மாடியைப் பார்த்ததே இல்லை.

கடற்கரைக்கும் போனோம். நான் இருந்தபோது அங்கே நின்ற, மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடம் 2014 மழையில் விழுந்துவிட்டதாம். இப்போது நிற்பது அதே மாதிரி திரும்பக் கட்டியது. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஓர் அம்மாள், "அப்ப இது பழசா, புதுசா?" என்று கேட்டாள். "புதுசுதான்மா. புதுசுன்னு சொல்லிட்டா தப்பில்ல. பழசுன்னு சொல்லி ஏமாத்தினாத்தான் தப்பு" என்றாள் ஜெசீமா.

நடை முடிந்ததும் என்னிடம் வந்தாள். "சார், நீங்க அந்த வீட்டு ஓனர்தானே? கம்பெனி உங்க போட்டோ அனுப்பிருந்தாங்க. வேலை பார்க்கறதே நான்தான். கேஸால இப்ப நிறுத்தி வெச்சிருக்கோம். ஒரு நாள் வாங்களேன், சில விஷயம் கேக்கணும்."

என்ன கேட்கப் போகிறாள்?

அக்டோபர் 24, செவ்வாய்

வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்ததும் நம்ப முடியவில்லை. அப்பா அடித்திருந்த எண்ணெய்ப் பெயின்டை எல்லாம் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். முற்றத்துத் தூண்கள் தேன் நிறத்தில் நிற்கின்றன. கூரை உத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்கி, செல்லரித்ததை மட்டும் மாற்றி, மற்றதைப் பழையபடி ஏற்றியிருக்கிறார்கள். சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்து. சுவரைத் தொட்டால் குளிர்ச்சி. ஜெசீமா ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். வீடு நன்றாகத்தான் இருந்திருக்கிறது. நாங்கள்தான் அதை இருட்டாக வைத்திருந்தோம்.

முற்றம் தாண்டி முன்கட்டு முடிகிற இடத்தில் ஒரு சுவர். அதன் முன் நிறுத்தினாள்.

"இதுதான் சார் என் தலைவலி. வீடு பூரா சுண்ணாம்பு, இது ஒண்ணு மட்டும் சிமெண்ட். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், ஈரத்தை வெளிய தள்ளிடும். இது விடாது. பாருங்க, இதோட ஒட்டின ரெண்டு பக்கச் சுவரும் ஊறிப்போச்சு. கட்டினவங்களுக்கு வேலையும் தெரியல. வரிசையெல்லாம் கோணல். யாரோ அவசர அவசரமா கட்டிருக்காங்க."

அப்படியொன்றும் கோணல் இல்லை. கயிறு பிடித்துத்தான் கட்டியது.

"இங்க ஒரு வழி இருந்திருக்கணும் சார். இந்தப் பக்கத்துக்கும் பின்கட்டுக்கும். மேல நிலைக்கட்டை அப்படியே உள்ள புதைஞ்சிருக்கு. உங்களுக்கு ஞாபகம் இருக்கா? வழி இருந்துச்சா?"

ஞாபகம் இல்லை என்றேன். சின்னப் பையனாக இருந்தேன் என்றேன்.

அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

அக்டோபர் 25, புதன்

நேற்று எழுதியதைப் படித்தேன். "கயிறு பிடித்துத்தான் கட்டியது" என்பதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். வக்கீல் கேட்டால் நோட்டு தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

அக்டோபர் 27, வெள்ளி

வக்கீல் உற்சாகமாக இருந்தார். 2005-இல் அத்தை எங்கோ ஒரு மனை வாங்கிப் பதிவு செய்திருக்கிறார். அப்போது, பதிவு செய்கிற எல்லோரையும் போல, பதிவுப் புத்தகத்தில் வைத்த ரேகை கிடைத்திருக்கிறதாம். அதையும் பழைய பத்திரத்து ரேகையையும் ஒப்பிட நிபுணருக்கு அனுப்பியிருக்கிறார்கள். மூன்று வாரத்தில் அறிக்கை வரும்.

"ரெண்டும் வேறன்னு வந்தா சிக்கல்தான். ஒண்ணுன்னு வந்தா கேஸ் அங்கயே படுத்துரும். அந்தம்மா புகாரே 'இது எங்கம்மா ரேகை இல்ல'ங்கறதுதானே? நீங்க எப்படி நினைக்கிறீங்க?"

"ஒண்ணாத்தான் இருக்கும்" என்றேன்.

"அவ்வளவு உறுதியாவா?"

"அப்பா அப்படிப்பட்டவர் இல்ல சார்."

தலையை ஆட்டினார். அந்த அறிக்கை வந்ததும் பாஸ்போர்ட்டுக்கு மனு போடலாம், கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாலேயே பறந்துவிடலாம் என்றார். பிலோமினாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தோணியாருக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாளாம். நானும் சம்பா கோவிலுக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். செபம் எதுவும் வரவில்லை.

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். அப்பாவின் கல்லறைக்குப் போனேன். பூ விற்கிறவர்களும் மெழுகுவத்திக் கடைகளும் வாசலில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. கல்லறையைக் கழுவி, மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றினேன். காற்றில் அணைந்துகொண்டே இருந்தது.

நாலு வரிசை தள்ளி ஒரு பெண் குனிந்து கல்லறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அத்தையே நிமிர்ந்த மாதிரி இருந்தது. அதே நெற்றி. லெயோனி. கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பதினோரு வயது.

திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். "தெரேஸ் மரி, ஆசிரியை" என்று கல்லில் எழுதியிருந்தது. 2019.

"எப்படிப் போனாங்க?" என்று கேட்டேன்.

"கிட்னி." துணியைப் பிழிந்தாள். "கோர்ட்டுல இல்லாம இங்க வந்து பேசறீங்க. உங்க வக்கீலுக்குத் தெரிஞ்சா திட்டுவாரு."

"நான் அத்தையைப் பார்க்கத்தான்..."

"அம்மா சாகற வரைக்கும் ஒண்ணு சொல்லிட்டே இருந்தாங்க. 'அது என் ரேகை இல்ல. நான் அப்ப எதுலயும் ரேகை வைக்கல.' தொண்ணூத்தொண்ணுல மாமா பத்திரத்தை மூஞ்சில காட்டி, நடுவுல சுவர் எழுப்பி, முன்கட்டுக் கிணத்துக்குப் போற வழியை அடைச்சாரு பாருங்க, அன்னையில இருந்து அதே பேச்சு. வாடகை வீடு வாடகை வீடா மாறிட்டிருந்தோம். புது வீட்டுக்குப் போனா பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட முதல்ல அதைத்தான் சொல்லுவாங்க. எனக்கே சில நேரம் வெறுத்துப் போவும். ஆனா எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க."

மழை பிடித்துக்கொண்டது. அவள் குடையை விரித்து, ஏற்றிய மெழுகுவத்தியின் மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நனைந்துகொண்டே வந்தேன்.

நவம்பர் 3, வெள்ளி

காய்ச்சல். ஆனாலும் பத்தரைக்குப் போனேன். ரைட்டர் ஒரு மாத்திரை கொடுத்தார்.

நவம்பர் 8, புதன்

ஜெசீமா கூப்பிட்டனுப்பினாள். பின்கட்டுக்கு இப்போது சந்து வழியாகத்தான் போக முடியும். முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அத்தையின் அடுப்படிக்குள் நின்றேன்.

சுவரில் ஒரு சின்னச் சதுரத்தை ஏடு ஏடாகச் சுரண்டி வைத்திருந்தாள். வெள்ளை, நீலம், வெள்ளை, இளம்பச்சை, நடு நடுவே மெல்லிய கரி. "ஒவ்வொண்ணும் ஒரு தடவை சுண்ணாம்பு அடிச்சது. நடுவுல இருக்கறது அடுப்புப் புகை." அலமாரித் தட்டில் ஈரத்துக்கு ஒட்டியிருந்த செய்தித்தாளைக் காட்டினாள். 1990 டிசம்பர். "பத்திரத்துல எண்பத்தாறுலயே அவங்க வீட்டைக் காலி பண்ணிட்டதா இருக்காமே. கம்பெனி வக்கீல் சொன்னாரு. ஆனா இங்க அப்புறமும் நாலஞ்சு வருஷம் யாரோ சமைச்சிருக்காங்க சார். நான் எதையும் கண்டுபிடிக்கணும்னு தேடல. சுரண்டினேன், இருந்துச்சு. அறிக்கையில எழுதித்தான் ஆவணும்."

"எழுதுங்க" என்றேன்.

"இதனால உங்களுக்குப் பிரச்சினை வருமா?"

"ரேகை ஒண்ணுன்னு வந்துட்டா இதெல்லாம் நிக்காதுன்னு வக்கீல் சொல்றாரு."

சுரண்டியை அலமாரித் தட்டில் வைத்தாள். பிறகு, "சார், வழி இருந்துச்சில்ல?" என்றாள்.

இருந்தது என்றேன். இரட்டைக் கதவு. பச்சைப் பெயின்ட். அத்தை பக்கம் எப்போதும் தாழ் போடாமல்தான் இருக்கும். அம்மா செத்த பிறகு தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த வழியாகப் போய்த்தான் சாப்பிடுவேன்.

"சுவர் யாரு கட்டினாங்க?"

"அப்பா" என்றேன். கலவை குழைத்துக் கொடுத்ததும் கல் எடுத்துக் கொடுத்ததும் மேல் வரிசை ஆறு வைத்ததும் நான். அதை அவளிடம் சொல்லவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. ஸ்டேஷனில் ஒரு லட்டு கொடுத்தார்கள்.

நவம்பர் 15, புதன்

அறிக்கை வந்துவிட்டது. இரண்டு ரேகையும் ஒரே பெண்ணுடையது.

ஆதிமூலம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். திங்கட்கிழமை கோர்ட். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று என்றார். அத்தை மனமுவந்து ரேகை வைத்தார்கள், எனக்கு வேறெதுவும் தெரியாது என்று ஒரு பிரமாணப் பத்திரம். பாஸ்போர்ட் கைக்கு வரும். செவ்வாய்க்கிழமை விற்பனைப் பதிவு. புதன் விமானம். அவரே டைப் அடித்து வைத்திருந்தார். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, நாளைக்குப் போடுகிறேன் என்றேன்.

"போட்டுட்டே போங்களேன்."

"கண்ணாடி எடுத்துட்டு வரல."

கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. அவரும் பார்த்தார்.

பிலோமினா சந்தோஷத்தில் பேச முடியாமல் போனை ஜெனிட்டாவிடம் கொடுத்துவிட்டாள். அவள், "அளவு தெரியாமலே கோட் தைக்கக் கொடுத்துட்டேன்பா. இளைச்சிருந்தா ஊசி குத்திக்கலாம்" என்று சிரித்தாள்.

நவம்பர் 17, வெள்ளி

இதை எழுத வேண்டாம் என்று காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்தேன். துணி துவைத்தேன். செருப்பு தைக்கக் கொடுத்தேன்.

கையெழுத்துப் போட்டு வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் லெயோனி நிற்கிறாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்கிறாள், அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு வந்திருக்கிறாள்.

"அறிக்கை பார்த்தேன்" என்றாள். "எங்கம்மா ரேகைதான். அவங்கதான் வெச்சிருக்காங்க. வெச்சிட்டு, அது வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு முப்பது வருஷமா என்கிட்ட மறைச்சிருக்காங்க."

நான் மரத்தைப் பார்த்தேன்.

"திங்கக்கிழமை புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். உங்களை மூணு நாள் உள்ள வெச்சதுக்கும் இப்படி அலைய வெச்சதுக்கும் நான்தான் காரணம். பொண்ணு கல்யாணம்னு கேள்விப்பட்டேன். மன்னிச்சிருங்க அத்தான்."

அத்தான் என்று கூப்பிட்டாள். பதினோரு வயதில் கூப்பிட்டது.

"அத்தை பொய் சொல்லல" என்று என் வாயில் வந்தது. சத்தமாக வந்ததா என்று தெரியவில்லை. அவள் அதற்குள் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்துவிட்டாள்.

நவம்பர் 18, சனி

1986 செப்டம்பர். அத்தைக்குக் கர்ப்பப்பையில் ஆபரேஷன். லெயோனிக்கு ஆறு வயது, கன்னியாஸ்திரிகள் மடத்தில் விட்டிருந்தார்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாள் சாயங்காலம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பத்திரம் எழுதுகிற அவருடைய சிநேகிதர் ஒரு பையோடு வந்திருந்தார். அப்பா வெளியே வராந்தாவில் நர்ஸிடம் பேசிக்கொண்டு நின்றார். "நீ கையைப் பிடிச்சா அவ தப்பா நினைக்க மாட்டா" என்று என்னிடம் சொல்லி அனுப்பினார்.

மருந்து மயக்கத்தில் கிடந்த அத்தையின் இடது கையைப் பிடித்தது நான். விரலை விரித்தது நான். சிநேகிதர் மையைத் தடவினார், நான் அழுத்தினேன். பத்திரத்தின் இரண்டு தாளில், பதிவு அலுவலகத்திலிருந்து அவர் கொண்டுவந்த ரேகைப் புத்தகத்தில். மூன்று தடவை. பிறகு தேங்காய் எண்ணெய்ப் பஞ்சால் விரலைத் துடைத்தேன். சாட்சி என்று இருந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். எனக்கு வயது பத்தொன்பது. சின்னப் பையன் இல்லை.

அப்பா எனக்கு என்ன தருவதாகச் சொன்னார் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. ஒன்றும் சொல்லவில்லை. செய் என்றார், செய்தேன்.

நவம்பர் 19, ஞாயிறு

பிலோமினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத்தனை வருஷம் என்கிட்ட சொல்லல" என்றாள். பிறகு, "இப்பதான் சொல்லணுமா? அவ கழுத்துல தாலி ஏறட்டும். வந்து நின்னுட்டு, திரும்பப் போய்ச் சொல்லுங்க. யாரு வேணாம்னது?" என்றாள்.

நானும் அதைத்தான் நேற்று முழுவதும் நினைத்தேன். நாளை புகார் வாபஸ் ஆகிவிடும். செவ்வாய்க்கிழமை வீடு கைமாறிவிடும். அதற்கப்புறம் திரும்பி வந்து சொல்வேனா? 1992-இல் விமானம் ஏறும்போதும், அங்கே போய் நிலைத்ததும் அத்தைக்கு ஒரு கடிதம் எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

"போனா வர மாட்டேன் மினா. என்னை எனக்குத் தெரியும்."

"பங்குச் சாமியாரு, டிசம்பர்ல கிறிஸ்மஸ் வரைக்கும் திருவருகைக்காலம், கல்யாணம் கிடையாதுன்னுட்டாரு. தள்ளிப்போடவும் முடியாது. அவளுக்கு என்ன பதில் சொல்றது?"

போனை அவளிடம் கொடு என்றேன். ஜெனிட்டாவிடம் நானே சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "சரிப்பா" என்றாள். அந்த "சரி"யை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் தெரியவில்லை.

நவம்பர் 20, திங்கள்

ஆதிமூலத்திடம் கோர்ட் வராந்தாவிலேயே சொன்னேன். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். "கையில சாவியைக் குடுத்தா வாய்க்கால்ல வீசறீங்க. நான் இதுல இருந்து விலகிக்கறேன் சார்."

லெயோனியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் வாபஸ் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். அதற்கு முன் நான் எழுந்துவிட்டேன். மாஜிஸ்திரேட் ஒரு பெண். உட்காருங்கள் என்றார், உட்காரவில்லை. சொல்வதை யோசித்துச் சொல்லுங்கள், உங்களுக்கு எதிராகவே அது பயன்படும் என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். ரேகை அத்தையுடையதுதான், ஆனால் அத்தை வைக்கவில்லை, ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் இருந்தபோது நான் வைத்தேன் என்றேன். ஆஸ்பத்திரி பெயர், மாதம், எல்லாம் சொன்னேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

எழுதிக்கொண்டார்கள். முறைப்படி வாக்குமூலம் கொடுக்கத் தேதி போட்டார்கள். பாஸ்போர்ட் மனு தள்ளுபடி. கையெழுத்து தொடரும்.

லெயோனி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் பக்கம் நான் திரும்பவில்லை.

நவம்பர் 25, சனி

கல்யாணம். இங்கே மணி பன்னிரண்டரை, அங்கே மூன்று. பிலோமினாவின் தம்பி போனைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவன் கை ஆடிக்கொண்டே இருந்தது. கோவில் நடையில் ஜெனிட்டாவைக் கூட்டிப் போனது அவள் அம்மா. சேலையில் தடுக்கி இரண்டு பேரும் ஒரு தடவை நின்றார்கள், சிரித்தார்கள். பிறகு சிக்னல் போய்விட்டது. திரும்ப வந்தபோது மோதிரம் மாற்றி முடிந்திருந்தது.

லாட்ஜ்காரர் மத்தியானச் சாப்பாடு அனுப்பட்டுமா என்று வந்து கேட்டார். இன்று என் மகள் கல்யாணம் என்றேன். உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து போட்டோக்களைப் பார்த்தார். மாப்பிள்ளை உயரம் என்றார்.

டிசம்பர் 4, திங்கள்

புயல். மூன்று நாளாக மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். ரைட்டர் போன் போட்டு, "நடந்து வர வேணாம் சார், நாளைக்குச் சேர்த்துப் போட்டுக்கலாம்" என்றார். போனேன்.

டிசம்பர் 9, சனி

லெயோனியின் வக்கீல் சிவில் கோர்ட்டில் கேட்டுக்கொண்டபடி, வீட்டைப் பார்வையிட ஒரு கமிஷனரை அனுப்பியிருந்தார்கள். நானும் இருக்க வேண்டும் என்று நோட்டீஸ். பத்தரைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராகப் போனேன்.

ஜெசீமா எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தாள், எந்தச் சுவர் எப்போது, எந்தச் சாந்து எதில், எத்தனை ஏடு என்று. கமிஷனர் போட்டோ எடுத்துக்கொண்டார். சுவர் யார் கட்டியது என்று கேட்டபோது ஜெசீமா என்னைப் பார்த்தாள். "நானும் அப்பாவும்" என்றேன். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

லெயோனி முற்றத்துத் தூண் ஒன்றில் கை வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றாள். சின்ன வயதில் அவளை முன்கட்டில் விளையாட விட்டதில்லை. இந்த வீடு இவ்வளவு வெளிச்சமானது என்று அவளுக்கும் இப்போதுதான் தெரிகிறது.

வேலை முடிந்து நான் தெருவுக்கு இறங்கிவிட்டேன். பின்னாலேயே வாசல்வரை வந்தாள்.

"ஒண்ணு கேக்கணும். கோர்ட்டுல மயக்கத்துல இருந்தாங்கன்னு சொன்னீங்க. சுத்தமா நினைவே இல்லையா? இல்ல, கண்ணைத் திறந்தாங்களா?"

நோட்டில்கூட நான் எழுதாதது அது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கும் அது நல்லதாக இருந்திருக்கும்.

"திறந்தாங்க" என்றேன். "மூணாவது தடவை அழுத்தினப்ப. என்னைப் பார்த்தாங்க. கையை இழுத்துக்கல. என் விரலைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'சாப்பிட்டியா சூசை?'ன்னு கேட்டாங்க. சாப்பிட்டேன்னு சொன்னேன். திரும்பத் தூங்கிட்டாங்க."

தெருவில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா வெள்ளைக்காரர் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனது. அவர்கள் வீட்டைப் போட்டோ எடுத்தார்கள். லெயோனி அது திருப்பத்தில் மறைவதைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு அது ஞாபகம் இருந்துச்சு" என்றாள். "ரேகை ஞாபகம் இல்ல. நீங்க வந்தது ஞாபகம் இருந்துச்சு. சுவர் எழுப்பின பிறகும், உங்க அப்பாவை அவ்வளவு திட்டுவாங்க, உங்களை ஒரு வார்த்தை சொல்ல விட மாட்டாங்க. 'சூசை அப்படி இல்ல. நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, அந்த வீட்டுல இருந்து அவன் ஒருத்தன்தான் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்'னு சொல்லுவாங்க. சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னகூடச் சொன்னாங்க."

அவள் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. உள்ளே ஜெசீமா ஏதோ கேட்டுக் கூப்பிட்டாள். வர்றேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வாசற்கதவு திறந்துதான் இருந்தது. என்னைப் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.